அறுநூறு வருஷக் கம்பெனி

பங்குதாரர் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைப் பிடித்துக்கொண்டு வந்து பவளகிரி ஆயில்ஸ் லிமிடெட்டின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரே ஒரு முறை உட்கார வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெரிய தண்டனை எதுவும் வேண்டாம். வரவேற்புரை முடியும்வரை உட்கார்ந்தால் போதும்.

அந்தக் கம்பெனியின் ஆலை கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் இருந்தது. வேர்க்கடலையை ஆட்டி முடித்த பிறகும் பிண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதையும் விடாமல் எடுக்கிற ஆலை. 1994-இல் பத்து ரூபாய் வீதம் பங்கு விற்றார்கள். அந்தச் சமயத்தில் திருவண்ணாமலையில் யார் கையிலெல்லாம் நாலு காசு இருந்ததோ அவர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் முதலாளி ஆனோம். நான் சுப்பிரமணி, நூறு பங்குக்கு முதலாளி. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் அன்வர் பாஷா இரண்டாயிரம் பங்குக்கு முதலாளி.

அன்வர் பாஷாவுடையது மெத்தைக் கடை. லாட்ஜுகளுக்கு மெத்தை, தலகாணி போடுவார். வெள்ளைக்காரர்கள் வந்து, தியானத்துக்கு உட்கார உருண்டையாக ஒன்று வேண்டும் என்று கையால் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அதையும் செய்து கொடுப்பார். உறை தைப்பது அவர் மனைவி ரஹமத்துன்னிசா. ஒரு பெரிய லாட்ஜுக்கு எல்லா அறைக்கும் மெத்தை போட்ட வகையில் வந்த பணம் அப்படியே பங்காகப் போயிற்று. மனிதருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். கடை வாடகைக் கடை. பஞ்சுத் தூசியைத் தின்று தின்று அந்த நாலு சுவருக்குள்ளேயே இருமிக்கொண்டிருந்தவர். அந்த நாலு சுவரும் தன்னுடையதாக வேண்டும். "ஓனரம்மா சந்திரம்மாள் என்னிக்காவது விக்கிறேன்னுவாங்க. அன்னிக்குப் பங்கை வித்துட்டு கடையை வாங்கிடுவேன் மணி" என்பார். அவர் கேட்டது இவ்வளவுதான். மற்றதையெல்லாம் கம்பெனி தானாகவே கொடுத்தது.

முதல் பொதுக்கூட்டம் 1995-இல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் வாழைமரம், சந்தனம், கற்கண்டு, பன்னீர். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும்தான் இல்லை. உள்ளே நுழையும்போது ஒரு டோக்கன் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்து அதைக் கொடுத்தால் டிபன் பாக்கெட். நடுவில் எழுந்து போனால் டோக்கன் செல்லாது. கம்பெனியின் சட்டதிட்டங்களில் பங்குதாரர்கள் அனைவரும் ஐயம் திரிபு இல்லாமல் புரிந்துகொண்டது இந்த ஒன்றைத்தான்.

மேடையில் சேர்மன் சோணாசலம். வெள்ளை சஃபாரி, நெற்றி நிறைய விபூதி, எந்த விஷயத்தையும் மூன்று முறை சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று மனதார நம்புகிறவர். பக்கத்தில் கம்பெனி செக்ரட்டரி எழிலன். "தீர்மானத்தை முன்மொழிகிறவர் யார்?" என்று கேட்டு முடிப்பதற்குள், "ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதிவிடுகிற சுறுசுறுப்பான இளைஞர்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்று சேர்மன் கேட்டார். இது சும்மா மரியாதைக்குக் கேட்பது, கல்யாணத்தில் 'இன்னும் கொஞ்சம் சாதம்' மாதிரி. அன்வர் பாஷாவுக்கு அது தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டார். கையில் ஆண்டறிக்கைப் புத்தகம்.

"சார், இதுல விலை-லாப விகிதம் ஆறுன்னு போட்டிருக்குதே, அப்படின்னா என்னாங்க?"

மண்டபம் அவரைத் திரும்பிப் பார்த்தது. டிபன் தாமதமாகப் போகிறது என்ற கவலை எல்லா முகத்திலும்.

சேர்மன் சிரித்தார். "நல்ல கேள்வி பாய். நம்ம பங்கு இன்னிக்கு மார்க்கெட்டுல பன்னெண்டு ரூபா. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு ரெண்டு ரூபா லாபம் சம்பாதிக்கிறோம். பன்னெண்டை ரெண்டால வகுத்தா ஆறு. அதாவது, லாபம் இதே மாதிரி வந்துனு இருந்தா, பங்குக்கு நீங்க குடுக்கற விலையைக் கம்பெனி ஆறு வருஷத்துல சம்பாதிச்சுடும். இது ஒடம்புல சர்க்கரை மாதிரி. கம்மியா இருக்கணும். கம்மியா இருந்தா ஆளு நல்லா இருக்கான்னு அர்த்தம்."

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பெனி தன் ஆயுளில் சொன்ன ஒரே நேரான பதில் இதுதான். பிறகு இரண்டு லட்டும் பக்கோடாவும் கொடுத்தார்கள்.

1997-இல் விகிதம் இருபது ஆனது. பங்கு விலை இருபது ரூபாய்க்கு ஏறியிருந்தது. லாபம் ஒரு ரூபாய்க்கு இறங்கியிருந்தது. மறுபடியும் அன்வர் பாஷா எழுந்தார்.

"சார், போன தடவை கேட்டப்ப கம்மியா இருக்கணும்னு சொன்னீங்க. இப்ப ஜாஸ்தியா ஆயிருக்குதே. சர்க்கரை ஏறிடுச்சுங்களா?"

சேர்மன் இரண்டு விநாடி அவரையே பார்த்தார். பிறகு எழிலனின் காதில் ஏதோ சொன்னார். எழிலன் உள்ளே ஓடினார்.

"பாருங்க, நம்ம பாய் எவ்ளோ ஆழமா படிச்சிருக்காரு" என்றார் சேர்மன் ஒலிபெருக்கியில். "லாபம் பாதியா கம்மியாயிடுச்சு. ஆனா விலை ஏறியிருக்கு. இதுக்கு என்னா அர்த்தம்? லாபத்தைப் பாத்து விலை குடுக்கறவன் வியாபாரி. லாபமே இல்லாம விலை குடுக்கறவன் பக்தன். நமக்குப் பக்தர்கள் சேர்ந்துனு இருக்காங்க. விகிதம் ஜாஸ்தின்னா நம்பிக்கை ஜாஸ்தி. நம்பிக்கை ஜாஸ்தி. நம்பிக்கை ஜாஸ்தி."

மூன்றாவது தடவை சொல்லும்போது எழிலன் பொன்னாடையுடன் வந்துவிட்டார். அன்வர் பாஷாவை மேடைக்கு அழைத்துப் போர்த்தினார்கள். அப்படியே கையைப் பிடித்து ஒரு நாற்காலியிலும் உட்கார வைத்தார்கள். மேடையில் உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து கேள்வி கேட்பது நம் ஊரில் வழக்கமில்லை. கூட்டம் அன்றைக்கு அரைமணி நேரம் முன்னதாகவே முடிந்தது.

வீட்டுக்குப் போனதும் ரஹமத்துன்னிசா பொன்னாடையைத் தடவிப் பார்த்தார். "ஜரிகை நல்லா இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொன்னாங்களா?" என்றார்.

"நம்பிக்கை ஜாஸ்தியாயிருக்காம்."

"நமக்கா, அவங்களுக்கா?"

அன்வர் பாஷாவுக்கு அது தெரியவில்லை. மறுநாள் என்னிடம் வந்து கேட்டார். எனக்கு மட்டும் எங்கே தெரியும். என் பூத்தில் எஸ்.டி.டி. மீட்டர் ஓடுவது ஒன்றுதான் எனக்குப் புரிந்த கணக்கு.

அடுத்த வருஷம் விகிதம் அறுபது. விலை முப்பது, லாபம் ஐம்பது காசு. இந்த முறை கேள்வி வருவதற்கு முன்பே சேர்மன் முந்திக்கொண்டார். விகிதத்தைப் பற்றிப் பங்குதாரர்களுக்குச் சில ஐயங்கள் இருப்பதால், அதைப் புரிந்துகொள்வதற்கென்றே ஒரு கமிட்டி அமைப்பதாக அறிவித்தார். விகிதப் புரிதல் கமிட்டி. தலைவர் அன்வர் பாஷா. உறுப்பினர்கள் ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார், ஒரு தமிழ்ப் புலவர், ஒரு மாட்டு டாக்டர். கமிட்டிக் கூட்டம் நடத்த மெத்தைக் கடையையே எடுத்துக்கொண்டார்கள், உட்கார வசதியாக இருக்கும் என்று. போண்டாவும் காபியும் கம்பெனிச் செலவு.

நான் பக்கத்துக் கடையில் இருந்ததால் அந்தக் கூட்டங்களைக் காது குளிரக் கேட்டேன். தாசில்தார் முதல் மூன்று கூட்டங்களிலும், விகிதம் என்பது பட்டாவா புறம்போக்கா என்று தெரியாமல் கருத்துச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். புலவர், விகிதம் என்பது தமிழ்ச்சொல் இல்லை, முதலில் அதற்கு நல்ல பெயர் வைப்போம் என்று ஆரம்பித்து இரண்டு கூட்டத்தைத் தின்றார். மாட்டு டாக்டர்தான் போண்டாவை மட்டும் தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தார். ஆறாவது கூட்டத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு இந்த பங்கு கிங்கு எல்லாம் தெரியாதுங்க. மாட்டை வெச்சு சொல்றேன். ஒரு மாட்டுக்குப் பால் கொறைஞ்சுகினே போவுது, வெலை மட்டும் ஏறிகினே போவுதுன்னா, அதைக் கட்டிவெச்சு அழகு பாப்பீங்களா? வெடிஞ்சதும் சந்தைக்கு ஓட்டினு போயி வித்துட்டு வரணுங்க."

உறை தைத்துக்கொண்டிருந்த ரஹமத்துன்னிசா தையல் மிஷினை நிறுத்திவிட்டார். எழிலன் குறிப்பு எழுதினார். பிற்பாடு அதை அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பியபோது பார்த்தேன். 'மாடுகள் பற்றி விவாதிக்கப்பட்டது. விகிதத்தைப் புரிந்துகொள்ள மேலும் ஓராண்டு அவகாசம் கோரப்பட்டது. ஒருமனதாக நிறைவேறியது' என்று இருந்தது. மாட்டு டாக்டர் அதற்குப் பிறகு வரவில்லை. தன் பங்குகளையும் விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். என்ன அவசரமோ பாவம் என்று தாசில்தார் பரிதாபப்பட்டார்.

கமிட்டித் தலைவர் ஆனதிலிருந்து அன்வர் பாஷாவின் நடையே மாறிவிட்டது. டீக்கடையில் நாலு பேர் "விகிதம் எப்படி இருக்கு பாய்?" என்று கேட்பார்கள். "ஆய்வுல இருக்கு" என்பார். மெத்தைக்கு அளவெடுக்கப் போன இடத்தில்கூட விகிதம் பேசினார் என்று ஒரு லாட்ஜ் மேனேஜர் என்னிடம் புகார் சொன்னார். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆயுசு முழுக்கப் பிறர் தூங்குவதற்கு மெத்தை போட்ட மனிதர். ஊர் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் யாருக்குத்தான் சுகமாக இருக்காது.

2000-ஆம் வருஷம் கம்பெனி பெயரை மாற்றியது. பவளகிரி ஆயில்ஸ் அண்ட் இன்ஃபோடெக் லிமிடெட். எண்ணெய் ஆலைக்குள்ளேயே ஒரு கண்ணாடி அறை கட்டி, இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார்கள். கடலைத் தூசி படாமல் இருக்க அவற்றுக்கு உறை தைத்துக் கொடுத்தது ரஹமத்துன்னிசாதான். அந்த உறையை யாரும் கழற்றிப் பார்த்ததாகத் தகவல் இல்லை. கம்ப்யூட்டரில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அதை இப்போதே வெளியில் சொன்னால் போட்டிக் கம்பெனிகள் விழித்துக்கொள்ளும் என்று சேர்மன் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பங்கு விலை தொண்ணூறு ரூபாய்க்குப் போயிற்று.

அந்த ஆடி மாதத்தில்தான் சந்திரம்மாள் கடைக்கு வந்தார். மகனோடு பெங்களூரில் போய் இருக்கப் போகிறார், கடையைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார்.

"ஒன்னே முக்கால் லட்சம் சொல்றேன் பாய். நீங்க இத்தனை வருஷமா இருக்கீங்க, மொதல்ல உங்களைத்தான் கேக்கணும்னு வந்தேன். புரட்டாசி பொறக்கறதுக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கு மேல என்னால காத்துனு இருக்க முடியாது."

அவர் போனதும் அன்வர் பாஷா மெத்தை மேல் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். இரண்டாயிரம் பங்கு. தொண்ணூறு ரூபாய். ஒரு லட்சத்து எண்பதாயிரம். கடையை வாங்கி, பத்திரச் செலவுக்கும் கொஞ்சம் மிஞ்சும். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது. நான் உடனே பூத்தைத் திறந்து, மெட்ராஸ் புரோக்கர் நம்பரைத் தட்டப் போனேன்.

"இப்பவே வித்துடுங்க" என்றார் ரஹமத்துன்னிசா. "இன்னிக்கே போன் பண்ணுங்க. அண்ணா, நீங்க போடுங்க."

அன்வர் பாஷா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு மணி. நான் கமிட்டித் தலைவர். சொல்லாம கொள்ளாம வித்தா நல்லா இருக்காது. ஒரு வார்த்தை சேர்மன்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

மேடையில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் நம் ஆட்களுக்கு வருகிற நோய் இது. சொந்தப் பொருளை விற்பதற்கு அடுத்தவரிடம் லீவு கேட்கிற மாதிரி கேட்பது. நானும் ரஹமத்துன்னிசாவும் எவ்வளவோ சொன்னோம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சேர்மன் எழுந்து வந்து வரவேற்றாராம். காபி வந்ததாம். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டதாம்.

"விக்கறது உங்க உரிமை பாய். நான் தடுக்கவே மாட்டேன். ஆனா பொதுக்கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. விகிதக் கமிட்டித் தலைவரே வித்துட்டாருன்னா அந்த மேடைக்கு என்ன மரியாதை? உங்களை நம்பி எத்தனை பேர் பங்கை வெச்சினு இருக்காங்க தெரியுமா? கூட்டம் முடியட்டும். மறுநாளே வித்துடுங்க." பிறகு அக்கறையாக விசாரித்தாராம். "ஆமா, பணம் எதுக்கு? கடையா? எந்தக் கடை? ஆசிரமத்துக்கு அந்தாண்டையா? அந்தப் பக்கம் இப்ப நல்லா வளருதே. ஓனர் யாரு? என்ன விலை சொல்றாங்க?"

அன்வர் பாஷா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எவ்ளோ பெரிய மனுஷன், நம்ம கஷ்ட நஷ்டத்தை எப்படி கேட்டாரு தெரியுமா?" என்று நெகிழ்ந்துபோய்த் திரும்பி வந்தார். ரஹமத்துன்னிசா தையல் மிஷினை மட்டும் வேகமாக மிதித்தார்.

அந்த வருஷப் பொதுக்கூட்டம் எப்போதும் போல இல்லை. நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். மேடை முழுக்க ஒரு பெரிய துணிப் பேனர். ஆறிலிருந்து இந்த வருஷம் வரைக்கும் விகிதம் ஏறிய பாதையை வரைபடமாக எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதியவர் தேர்த்திருவிழாவுக்குப் பேனர் எழுதிப் பழகிய ஓவியர். மேலே மேலே போகிற கோட்டைப் பார்த்ததும் அவருக்குக் கை தானாக மலையை வரைந்துவிட்டது. அடிவாரத்தில் ஆறு, நடுவில் இருபது, தோளில் அறுபது, உச்சியில் அறுநூறு. உச்சி காலியாக இருக்கக் கூடாதே என்று அதன் மேல் ஒரு தீபத்தையும் ஏற்றிவிட்டார். முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்வரிசையில் ரெண்டு பேர் எழுந்து கும்பிட்டார்கள். சேர்மனுக்கு இதைப் பார்த்ததும் ஒரு யோசனை தோன்றியது. எழிலனைக் கூப்பிட்டு விகிதத்துக்குச் சூடம் காட்டச் சொன்னார். தட்டு எங்களிடமும் வந்தது. நான் ஒற்றிக்கொண்டேன். சில பேர் தட்டில் காசும் போட்டார்கள்.

விலை தொண்ணூறு ரூபாய். லாபம் பதினைந்து காசு. அதனால்தான் அறுநூறு.

கமிட்டித் தலைவர் உரை என்று அறிவித்தார்கள். எழிலன் எழுதிக் கொடுத்ததை அன்வர் பாஷா படித்தார். "இரண்டு ஆண்டு காலம் தீவிரமாக ஆய்வு செய்ததில், விகிதத்தைக் கமிட்டி முழுமையாகப் புரிந்துகொண்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விகிதம் அறுநூறு என்பது..." இங்கே நின்றுவிட்டார். காகிதத்தைத் தாழ்த்தினார். மனிதரின் சுபாவம் எங்கே போகும். "சேர்மன் சார், ஒரே ஒரு சந்தேகம். ஆறுன்னா ஆறு வருஷம்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப அறுநூறுன்னா, போட்ட காசு அறுநூறு வருஷம் கழிச்சா வரும்?"

நாதஸ்வரக்காரர்கூட வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். மாட்டினான்டா என்று நினைத்தேன்.

சேர்மன் எழுந்தார். அன்வர் பாஷாவின் தோளில் கை போட்டு, ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

"பாய் சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சா? அறுநூறு வருஷம். அய்யா, இந்த ஜில்லாவுல எத்தனையோ கம்பெனி வந்தது. அஞ்சு வருஷத்துல மூடினான், பத்து வருஷத்துல மூடினான். நம்ம கம்பெனி அறுநூறு வருஷம் இருக்கும்னு மார்க்கெட்டு நம்புது. உங்க பேரன், பேரனுக்குப் பேரன், அவனுக்குப் பேரன் வரைக்கும் இதே மண்டபத்துல வந்து உக்காருவான். உலகத்துல எந்தக் கம்பெனி இவ்ளோ தூரம் யோசிச்சிருக்கு? நாங்க லாபத்தை அவசரப்பட்டு சம்பாதிக்கல. பொறுமையா வர்றதுக்கு வழி பண்ணியிருக்கோம்."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. பேரனுக்குப் பேரன் என்றதும் முன் வரிசை அம்மா அழுதேவிட்டார். அன்வர் பாஷாவுக்கு இன்னொரு பொன்னாடை. டிபன் பாக்கெட்டோடு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். பதினைந்து காசு லாபத்தில் டம்ளர் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். டம்ளர் கையில் இருந்தது. விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அன்வர் பாஷா பூத்தில் வந்து உட்கார்ந்தார். நான் புரோக்கர் நம்பரைப் போட்டேன். இரண்டாயிரத்தையும் விற்க வேண்டும் என்றார்.

"எழுபதுதாங்க போவுது. அதுக்கும் வாங்க ஆளைத் தேடணும்" என்றார் புரோக்கர்.

மறுநாள் ஐம்பது. பிறகு முப்பத்தைந்து. ஒவ்வொரு நாளும் கேட்ட விலைக்கு ஆள் வருவதற்குள் விலை கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து, "விக்கறதுக்குத்தான் வரிசையில நிக்கறாங்க, வாங்க ஒருத்தன் இல்லைங்க" என்று அந்தப் புரோக்கர் சலித்துக்கொண்டார். "ஒரு மாசம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா? உங்க சேர்மன் அப்பத்தானே தன்னோட பங்குல முக்கால்வாசியைத் தொண்ணூறுல வித்துட்டு வெளிய போனாரு."

அன்வர் பாஷா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எதிர்முனையில் வைத்துவிட்ட பிறகும் பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் வாங்கி வைத்தேன். அந்தப் போன் காலுக்கு நான் காசு வாங்கவில்லை.

புரட்டாசி முதல் வாரம் சந்திரம்மாள் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ள வந்தார். "கடை முடிஞ்சிடுச்சு பாய். உங்க கம்பெனி சேர்மன்தான் வாங்கினாரு. நீங்க வாங்கிக்கல, அவரு ஒரே பேச்சுல ரொக்கமா குடுத்துட்டாரு. உங்களைப் பத்தி ரொம்ப ஒசத்தியா சொன்னாரு."

"அப்படியா" என்றார் அன்வர் பாஷா. அந்தம்மா போனதும் என்னிடம், "வேற யாராவது வாங்கியிருந்தா காலி பண்ணச் சொல்லியிருப்பான். இவரு நம்மளை நல்லா தெரிஞ்சவரு" என்றார். அவர் அதை எனக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து ரஹமத்துன்னிசா, "நல்லா தெரிஞ்சவருதான்" என்றார்.

2001 பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர்தான். பேனர் இல்லை, நாதஸ்வரம் இல்லை. விலை மூன்று ரூபாய். அந்த வருஷம் கம்பெனிக்கு நஷ்டம். ஆண்டறிக்கையில் விகிதம் என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று போட்டிருந்தது. இதற்கு என்ன சொல்லப் போகிறார் பார்க்கலாம் என்றுதான் நான் போனேன். சேர்மன் எப்போதையும்விட உற்சாகமாக இருந்தார்.

"ஆறு, இருபது, அறுபது, அறுநூறு. இந்த நம்பரைப் பாத்துப் பாத்து நீங்க பட்ட கவலை கொஞ்சமா? இந்த வருஷம் நிர்வாகம் ராத்திரி பகலா உழைச்சு விகிதத்தையே ஒழிச்சிருக்கு. நஷ்டத்தை வெச்சு விலையை வகுக்க முடியாதுன்னு ஆடிட்டரே எழுதிக் குடுத்துட்டாரு. உலகத்துல பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் ஒரு விகிதம் இருக்கு, அதைப் பாத்து நாலு பேரு நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசறான். இனிமே நம்மளை அப்படி எவனும் பேச முடியாது."

கை தட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தட்டினார்கள். விகிதம் இல்லாமல் போனதால் விகிதப் புரிதல் கமிட்டி நன்றியுடன் கலைக்கப்படுகிறது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சிற்றுண்டி என்று ஒரு டீ கொடுத்தார்கள். ஆற வைத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஜீப் ஒன்று கடை வாசலில் நின்றது. சேர்மன் இறங்கினார். ஒரு வருஷமாக எழிலன்தான் வந்து பழைய வாடகை எழுநூறை வாங்கிக்கொண்டு போவார். சேர்மன் நேரில் வருவது இதுதான் முதல் தடவை. அன்வர் பாஷா பரபரப்பாக ஒரு புது மெத்தையைத் தட்டிப் போட்டார். நான் பூத்தை விட்டு வாசலுக்கு வந்து நின்றேன். சேர்மன் மேலே பார்த்தார், சுவரைத் தட்டினார், ஷட்டரை ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தார். பொதுக்கூட்டத்தில் பார்த்த மனிதராகவே இல்லை. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. எதையும் மூன்று முறை சொல்லவும் இல்லை.

"பாய், இந்தக் கடைக்கு நான் குடுத்தது ஒன்னே முக்கால் லட்சம். நீங்க மாசம் எழுநூறு குடுக்கறீங்க. வருஷத்துக்கு எட்டாயிரத்து நானூறு. ஒன்னே முக்கால் லட்சத்தை அதால வகுத்துப் பாருங்க. இருபதுக்கு மேல வருது. போட்ட காசு திரும்பி வர்றதுக்கு இருபது வருஷம் ஆவும். இது ரொம்ப ஜாஸ்தி. பத்துக்கு மேல போனா எனக்குத் தூக்கம் வராது. அடுத்த மாசத்துலேருந்து ஆயிரத்து ஐநூறு போட்டுடலாம்."

கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி பிசகவில்லை. ஆறு வருஷமாக மேடை மேடையாக நாங்கள் கேட்ட பாடத்தை, மெத்தைக் கடையில் நின்றுகொண்டு அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

அன்வர் பாஷா கேட்டார். "சார், கம்பெனியில அறுநூறு வரைக்கும் போச்சே. நீங்க கவலையே படலையே. ஜாஸ்தி ஆனா நம்பிக்கைன்னு சொன்னீங்களே."

சேர்மன் அவரை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். குழந்தை ஏதோ கேட்டுவிட்டதைப் போல அன்பாகத்தான் பதில் சொன்னார்.

"பாய், அது கம்பெனி. இது என் சொந்தக் காசு போட்டு வாங்கினது."

உள்ளே தையல் மிஷின் நின்றது. ரஹமத்துன்னிசா தலகாணி உறையைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்தார்.

"அப்ப அது யாரு காசுங்க?" என்றார்.

சேர்மன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.